கெட்டுப்போகாத பல்

1

இந்தக் கதையை நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். ஆச்சரியத்தால் அல்ல. வாய்க்குள் பஞ்சும், எச்சில் உறிஞ்சுகிற குழாயும், டாக்டர் வாரிஜா ஐதாளின் இரண்டு விரல்களும் இருந்தன. வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால். நான்கு முறை போனேன். நான்கு முறையும் அவர் வேலை பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்கிறவருக்கு அதில் ஒரு வசதி, கேட்கிறவன் குறுக்கே எதுவும் கேட்க முடியாது. ஆகவே கதையில் எங்காவது ஓட்டை தெரிந்தால், அது நான் கேட்காமல் விட்ட கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடகக் கடலோரத்துக் குந்தாபுராவுக்கு நான் வந்து பதினேழு வருஷம் ஆகிறது. முந்திரி ஆலையில் வேலை. மற்ற நேரத்தில் எழுதுவேன் என்பது ஊரில் மூன்று பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் டாக்டர். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்.

“பேரை மாத்திக்கோங்க. என்னை நல்லவளா மாத்திடாதீங்க.”

பேரை மாற்றிவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேரில் அவரை ‘அவர்’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் ‘அவள்’ என்று எழுதப் போகிறேன். மரியாதை கொடுத்துக்கொண்டே ஒருவர் மனசுக்குள் நுழைய எனக்குத் தெரியவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘மழைக்கு முந்திய வெயிலில் குந்தாபுராவின் ஓட்டுக் கூரைகள் –’

அடித்துவிட்டேன். பல்லைப் பற்றிய கதையில் கூரைக்கு வேலையில்லை.

இரண்டாவது: ‘சஞ்சீவ தேவாடிகாவுக்கு அறுபத்தோரு வயது வரை இருபத்தெட்டுப் பற்கள் இருந்தன.’

இது இருக்கட்டும். உண்மையும்கூட.

2

சஞ்சீவ தேவாடிகா சாக்சஃபோன் ஊதுபவர். இந்தப் பக்கத்தில் தாலி கட்டும்போது மேளத்தோடு சாக்சஃபோன் கேட்கவில்லையென்றால் பெண் வீட்டார் முகம் சுண்டிப்போகும். முப்பது வருஷமாக அவருடைய குழுவில் முதல் பாட்டை அவர்தான் ஊதினார். வேறு யாரையும் ஊதவிட்டதில்லை.

ஏப்ரல் மாதம், முகூர்த்தங்கள் நெருக்கியடிக்கிற நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு வாரிஜாவின் கிளினிக்குக்கு வந்தார். மூன்று நாளாக வலி. பல்லில் தொடங்கி, காதுக்குள் குத்தி, தாடை முழுக்க எரிகிறதாம். எந்தப் பல் என்று கேட்டபோது, கீழே இடது பக்கக் கடைவாய்ப் பல்லை, கூட்டத்தில் திருடனை அடையாளம் காட்டுகிறவர் மாதிரி, தயக்கமில்லாமல் தொட்டுக் காட்டினார்.

வாரிஜா அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்துப் பல்லையும் தட்டினாள். ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் இல்லை. குளிர் வைத்துப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தாள். படத்தில் பல்லும் வேரும் எலும்பும் பாடப் புத்தகத்தில் இருப்பது போல இருந்தன.

“இதுல ஒண்ணும் இல்லையே சஞ்சீவண்ணா. ரெண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்.”

“ஞாயித்துக்கிழமை கோட்டேஸ்வரத்துல கல்யாணம். இன்னைக்குப் பிடுங்கினா அதுக்குள்ள ஆறிடும். ரெண்டு நாள் பார்த்துட்டுப் பிடுங்கினா ஆறாது. இப்பவே எடுத்துடுங்க.”

“நல்ல பல்லா இருந்தா?”

“நல்ல பல்லு இப்படி வலிக்குமா, டாக்டரம்மா?”

வெளியே ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போட்டாள்.

கெட்ட பல் கேட்டதும் வந்துவிடும். இது வரவில்லை. இருபது நிமிஷம் பிடித்து நின்றது. வெளியே எடுத்து விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வேர், உரித்த பூண்டு மாதிரி சுத்தமாக. எங்கும் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அதைத் தட்டில் போட்டு மேலே பஞ்சை வைத்தாள்.

சஞ்சீவர் பஞ்சைக் கடித்தபடி கேட்டார், கெட்டிருந்ததா என்று.

“ம். அடியில கெட்டிருந்தது.”

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்று இங்கேயே போடுகிறேன். முதல் பிரதியில் ‘வாய் தவறிச் சொல்லிவிட்டாள்’ என்று எழுதியிருந்தேன். அவருக்குக் கன்னடத்தில் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். வாய் தவறவில்லை, யோசித்துத்தான் சொன்னேன், யோசிக்க இரண்டு விநாடி ஆயிற்று, அதையும் எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.)

3

வியாழக்கிழமை காலையில் சஞ்சீவரின் முகத்தில் கொப்புளம் கிளம்பியது. கீழுதட்டில் இடது பாதி, மோவாயில் இடது பாதி, அங்கிருந்து தாடையோரமாக ஏறிக் காதுக்கு முன்னால் வரை. நாக்கிலும் இடது பக்கம் மட்டும். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. யாரோ நூல் பிடித்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் உனக்கு என்று பிரித்துக் கொடுத்த மாதிரி.

ஊரில் இதற்குச் சர்ப்பசுத்து, அதாவது பாம்பு சுற்றிக்கொண்டது, என்று பெயர். பெயரிலேயே காரணமும் இருக்கிறது. சஞ்சீவரின் மனைவி ஜலஜாவுக்கு அந்தக் காரணத்தைத் தேட நேரமே ஆகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் அவர்களுடைய நாகவனம், கத்தி படக் கூடாத பாம்புத் தோப்பு. நான்கு கல்லும் பத்துப் பன்னிரண்டு மரமும். ஜனவரியில் குழுவின் வேன் வாசல் வரை வருவதற்காக அதில் மூன்று மரங்களை வெட்டியிருந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மருந்து பூசுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் செம்மண்ணைக் குழைத்து மூன்று நாள் பூசினார். கோட்டேஸ்வரத்துக் கல்யாணத்தில் வேறு யாரோ ஊதினார்கள்.

(தமிழில் இதை அக்கி என்கிறோம். எங்கள் பக்கத்தில் குயவரிடம் போனால் காவியைக் குழைத்து உடம்பில் எழுதுவார். ‘அக்கி எழுதுவது’ என்றே அதற்குப் பெயர். எழுதினால் ஆறும் என்ற நம்பிக்கை, கதை எழுதுகிறவனுக்கு எவ்வளவு இனிப்பான விஷயம் என்று நீங்களே யூகிக்கலாம். அதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. சஞ்சீவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

திங்கட்கிழமை கிளினிக்குக்கு வந்தபோது, யக்ஷகானத்துக்குப் பாதி வேஷம் போட்டுக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து வந்தது போல இருந்தார். வாரிஜா செம்மண்ணுக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். நடுக்கோட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

வலி பல்லுடையது இல்லை. சிறுவயதில் சஞ்சீவருக்கு அம்மை போட்டிருந்தது. ஆறிப்போனது என்று எல்லோரும் நினைத்த அம்மைக் கிருமி எங்கும் போகவில்லை. முகத்து நரம்பின் வேரில் ஐம்பத்துச் சொச்சம் வருஷம் சத்தமில்லாமல் படுத்திருந்து, இப்போது எழுந்து, தாடைக்குப் போகிற கிளை வழியாக இறங்கியிருக்கிறது. கொப்புளம் தெரிவதற்கு நாலைந்து நாள் முன்பே நரம்பு எரியத் தொடங்கும். எரிகிற நரம்புக்குப் பல் எது, காது எது என்ற விவரம் கிடையாது. கல்லூரியில் இதை அவள் படித்திருந்தாள். பரீட்சையில் எழுதியும் இருந்தாள்.

தெரிந்த மருத்துவரிடம் உடனே அனுப்பினாள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை. ரத்தம் சோதித்ததில் சர்க்கரை வேறு ஏகத்துக்கு இருந்தது. அது எத்தனை வருஷமாக இருந்ததோ. பிடுங்கிய பல்லைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. மனுஷர் வலியில் இருக்கிறார், இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாள். அடுத்த முறை வந்தபோதும் அன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

4

மே மாதக் கடைசியில் கொப்புளம் காய்ந்து தழும்பாகிவிட்டிருந்தது. ஒரு நாள் காலை சஞ்சீவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வாயில் கல் தட்டுப்பட்டது. துப்பிவிட்டு, அரிசியைப் பார்த்துப் பொறுக்க மாட்டாயா என்று ஜலஜாவைச் சத்தம் போட்டார். ஜலஜா குனிந்து பார்த்தாள். கல் இல்லை, பல். முழுப் பல், வேரோடு. ரத்தம் இல்லை. வலியும் இல்லை.

நான்கு நாள் கழித்து அடுத்தது. அடுத்த வாரம் இரண்டு. பிடுங்கிய இடத்திலிருந்து முன்பக்கமாக வரிசையாக நான்கு பற்கள், பழுத்த இலை மாதிரி தாமாகவே கழன்றன. சாக்சஃபோனுக்குச் சீவாளி வைக்கிற சின்னப் பெட்டியில் அவற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு வாரிஜாவிடம் வந்தார். அவள் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினாள். ஈறு விலகியிருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. உயிருள்ள எலும்பின் நிறம் அவளுக்குத் தெரியும். இது சாம்பலும் மஞ்சளுமாக, மழையில் நனைந்து காய்ந்த மரச்சிராய் போல இருந்தது. கம்பியால் தட்டினாள். சஞ்சீவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஊர் பேசத் தொடங்கியது. அந்த அம்மா ஒன்றைப் பிடுங்கினாள், மிச்சம் எல்லாம் தானாக வந்துவிட்டது என்றார்கள். குழுவில் தவில் அடிப்பவர் வழக்குப் போடச் சொன்னார். கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. அதுகூட வாரிஜாவுக்குப் பெரிதாகப் படவில்லை. மருந்துக் கடைக்காரர் சொன்னதுதான் உள்ளே போய் உட்கார்ந்தது. சஞ்சீவர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நாலு பேருக்கு நடுவில் நின்று அவளுக்காக வாதாடினாராம்.

“டாக்டரம்மா பிடுங்கினது கெட்ட பல்லு. அவங்க வாயாலயே சொன்னாங்க. மத்ததைத்தான் சர்ப்பம் எடுத்துக்கிச்சு. அவங்க மேல என்னப்பா தப்பு?”

அவளைக் காப்பாற்ற அவர் கையில் இருந்தது அவள் கொடுத்த பொய் ஒன்றுதான்.

இந்த இடத்தில் எனக்குச் சஞ்சீவர் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மனிதரை வாசகர் நம்புவாரா? மூன்றாவது முறை நாற்காலியில் படுத்திருந்தபோது புருவத்தால் இதைக் கேட்டேன். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அப்படியொன்றும் நல்லவர் இல்லை என்றார். கஞ்சியில் கிடந்தது கல் இல்லை, பல் என்று தெரிந்த பிறகும் ஜலஜாவிடம் அவர் சொன்னது, “இருந்தாலும் அரிசியைப் பார்த்துப் பொறுக்கு” என்பதுதான். எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது. உங்களுக்கும் திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

5

மங்களூரில் முக எலும்பு அறுவை செய்கிற ஒரு மருத்துவரிடம் வாரிஜாவே சஞ்சீவரையும் ஜலஜாவையும் கூட்டிக்கொண்டு போனாள். செத்துப்போன எலும்பைக் கழற்றி எடுத்து, ஈற்றை இழுத்துத் தைத்தார்கள். கழன்று வந்த துண்டு கட்டை விரல் நீளம் இருந்தது. ஜலஜா அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். புருஷனின் எலும்பைப் புருஷன் உயிரோடு இருக்கும்போதே பார்க்கிற பெண் என்ன நினைப்பாள் –

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்குத் தெரியாது.)

ஆஸ்பத்திரி நடையில் வைத்து வாரிஜா அந்த மருத்துவரிடம் கேட்டாள், தான் பிடுங்கியதால் இப்படி ஆயிற்றா என்று. அவர் கையைத் துடைத்தபடி விளக்கினார். அம்மைக் கிருமி நரம்போடு நிற்காமல் அதை ஒட்டிய ரத்தக் குழாயையும் கெடுத்துவிட்டால் எலும்பு பட்டினி கிடந்து சாகும். ரொம்ப அபூர்வம், தானே இருபத்தைந்து வருஷத்தில் இரண்டாவதாகப் பார்க்கிறார். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பிடுங்காத இடத்திலும் பல் விழுந்திருக்கிறதே.

“அப்ப நான் காரணம் இல்லையா?”

“பெரும்பாலும் இல்ல.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் அந்த முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் சஞ்சீவர் வாய் நிறையப் பஞ்சோடு தூங்கினார்.

கதையை இங்கே முடிக்கலாமே என்று பார்த்தேன். ‘பெரும்பாலும்’ என்ற வார்த்தையோடு முடிகிற கதைக்கு ஒரு கம்பீரம் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் வாரிஜா இன்னும் சஞ்சீவரிடம் எதுவும் சொல்லவில்லையே.

6

நாகபஞ்சமி அன்று நாகவனத்தில் பூஜை வைத்தார்கள். ஜலஜா வாரிஜாவை நேரில் வந்து அழைத்திருந்தாள். மங்களூருக்குக் கூடவே வந்தீர்களே, நீங்கள் இல்லாமலா என்றாள்.

மழை விடவில்லை. மஞ்சள் பூசிய கல், கமுகம்பாளை, இளநீர். வெட்டிய இடத்தில் மூன்று கன்றுகள் நட்டிருந்தார்கள். பூஜை முடியும் நேரத்தில் பட்டர், தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, மனசில் இருப்பதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் வழக்கம்போல மனசுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஜலஜா மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

“மரத்தை வெட்டச் சொன்னது இவரு இல்ல. நான்தான். வண்டி வாசல் வரைக்கும் வரணும்னு நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். இவரு வாய் போனது என்னால.”

குடை பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற வாரிஜாவுக்கு, குடைக்குள்ளேயே நனைந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். சஞ்சீவருக்கு மென்று தின்ன முடியாது. சோற்றைக் குழைத்து வைத்திருந்தார்கள். அவருக்கு எதிர் இலையில் வாரிஜா. ஜலஜா பாயசத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்தாள்.

“சஞ்சீவண்ணா, நான் பிடுங்கின பல்லு கெட்டதில்ல.”

அவர் நிமிர்ந்தார். “கெட்டதில்லன்னா?”

“நல்ல பல்லு. கையில எடுத்ததுமே தெரிஞ்சுது. கெட்டிருந்ததுன்னு பொய் சொன்னேன்.”

சஞ்சீவர் நாக்கை அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். அவருடைய முதல் கேள்வி இது:

“எவ்வளவு நல்ல பல்லு?”

“இருபது வருஷம் இருந்திருக்கும்.”

“பிடுங்காம விட்டிருந்தா?”

“மத்தது விழுந்த மாதிரி அதுவும் விழுந்திருக்கும். பெரும்பாலும்.”

“பிடுங்கினதாலதான் மத்தது விழுந்துதா?”

“இல்ல. பெரும்பாலும்.”

“அதென்ன ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைச் சொல்றீங்க?”

“அதுக்கு மேல எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

ஜலஜா வாரிஜாவின் இலைக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நாலு மாசமா நான் அந்தக் கல்லு முன்னாடி போய் நிக்கிறேன். தினமும். என் கையாலதான் இவரு வாயை அடைச்சேன்னு. நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாதியையாவது நீங்க தூக்கியிருப்பீங்க.”

சொல்லிவிட்டு வாரிஜாவின் இலையில் பாயசத்தை ஊற்றினாள். மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு. அடுத்த இலைக்குப் போனாள்.

வாரிஜா சாப்பிட்டாள். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. அது இன்னொரு மாதிரித் தப்பித்துக்கொள்வது என்று தோன்றியதால் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.

கை கழுவுகிற இடத்தில் சஞ்சீவர் அவளிடம் வந்தார். ஒன்று உங்களோடது, நாலு சர்ப்பத்தோடது, அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு, அவருக்கு அதைவிட முக்கியமான விஷயத்துக்கு வந்தார்.

“எனக்கு ஊதுறதுக்குப் பல்லு வேணும். அதைப் பாருங்க.”

7

சோறு தின்பதற்குப் பல் கட்டித் தருவது ஒரு வேலை. சாக்சஃபோன் ஊதுவதற்குக் கட்டித் தருவது வேறு வேலை. கீழுதட்டைக் கீழ்ப்பல் வரிசையின் மேல் மடித்து, அதன் மேல்தான் வாத்தியத்தின் வாய் உட்கார வேண்டும். சஞ்சீவருக்கு உதட்டின் இடது பாதி மரத்துப் போயிருந்தது. அங்கே எச்சில் வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. யாராவது சொன்னால் துடைத்துக்கொள்வார். எலும்பு போன இடம் பள்ளம். பல் செட்டு பிடித்து நிற்க அங்கே எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளினிக் மூடியதும் அவர் வாத்தியத்தோடு வருவார். வாரிஜா செட்டை மாட்டிவிடுவாள். ஊதுவார். மூன்று சுரம் ஏறும். நான்காவதில் இடது கடைவாய் வழியாகக் காற்று சீறும்.

“காத்து போகுது.”

கழற்றி, ஓரத்தைத் தேய்த்து, மறுபடி மாட்டுவாள்.

“இன்னும் போகுது.”

கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் வாரம் படியேறி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. ஆறு செட்டு செய்தாயிற்று. ஏழாவது நடக்கிறது. குழு சஞ்சீவர் இல்லாமல் கல்யாணங்களுக்குப் போகிறது. சில சமயம் அவரும் போவார். சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பாட்டை வேறொருவர் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜலஜா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வந்ததில்லை. அவளுக்கே ஒரு பல் வலித்தபோது பஸ் ஏறி உடுப்பிக்குப் போனாள். இதை டாக்டர் என்னிடம் சொன்னபோது, என் பல்லுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தவில்லை. குரலும் மாறவில்லை. ‘ஆனால் கண்களில் –’ என்று தொடங்கி எழுதியிருந்தேன். முகத்தில் மாஸ்க்கும் கண்ணாடியும் இருந்தன. நான் எதையும் பார்க்கவில்லை.

8

எழுதி வைத்திருக்கும் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

ஒன்றில், தேர்த்திருவிழாவில் சஞ்சீவர் ஊதுகிறார். ஏழாவது செட்டு பிடித்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் வாரிஜா நிற்கிறாள். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்றில் ஜலஜா கிளினிக்குக்கு வந்து, ஒன்றும் பேசாமல் நாற்காலியில் படுத்து, வாயைத் திறக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் கண் கலங்கினால் அடித்துவிடுவது என் வழக்கம்.

அடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. ஜலஜாவை நான் பார்த்ததே இல்லை. இத்தனை பக்கம் அவளை நிற்க வைத்தேன், நடக்க வைத்தேன், பாயசம் ஊற்ற வைத்தேன். எல்லாம் டாக்டர் வாய்வழிச் செய்தி. போன சனிக்கிழமை காலையில் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஜலஜாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜலஜா முன்னறையில் உட்கார்ந்து சேம்பிலையில் மாவு தடவி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்றும் சொன்னேன். உட்காரச் சொன்னாள். எழுதியதைச் சொல்லச் சொன்னாள். வேலையை நிறுத்தாமல் கேட்டாள். பல் கஞ்சியில் விழுந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

“பாயசம் ஊத்தினதை எழுதியிருக்கீங்களா?”

“எழுதியிருக்கேன் அக்கா.”

“மன்னிச்சதால ஊத்தினேன்னு இருக்கா?”

“அப்படி இல்ல. ஆனா படிக்கிறவங்க அப்படி நினைச்சுக்கலாம்.”

“நினைக்க வேண்டாம்னு எழுதுங்க. இலையில உட்கார்ந்தவங்களுக்கு ஊத்தித்தான் ஆகணும்.”

எழுதிக்கொண்டேன். உள்ளறையில் சாக்சஃபோன் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் காற்று சீறியது. நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து.

“முடிவு என்ன வச்சிருக்கீங்க?”

“அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அவள் இலை அடுக்கை இரண்டு பக்கமும் மடித்து இறுக்கிச் சுருட்டினாள். பிரிந்துவிடாமல் நாரால் கட்டினாள். அடுத்த இலையை எடுத்து நரம்பைச் சீவினாள்.

“மன்னிச்சுட்டேன்னு எழுதாதீங்க. மன்னிக்கலன்னும் எழுதாதீங்க. நான் இன்னும் யோசிச்சு முடிக்கல.”

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்க இருந்தேன். அப்போது உள்ளே நான்காவது சுரம் வந்தது. கொஞ்சம் கோணலாக, ஓரத்தில் கிழிந்து, ஆனால் வந்தது. ஜலஜாவின் கை இலை மேல் நின்றது. ஐந்தாவதுக்காக இருவரும் காத்திருந்தோம். அது வரவில்லை. அவள் மறுபடி மாவைத் தொட்டாள்.

அவள் யோசித்து முடிக்காததை நான் எழுதி முடிப்பது முறையில்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு நடை போய் அவளைக் கேட்டுவிடுங்கள். காலையில் போனால் வீட்டில் இருப்பாள்.